வில்லங்கம் பார்க்காம ஃபைலைத் தொடாதீங்க!

டிஸ்கி: இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு, ஆனா டெக்னிக்கல் ஆளுங்களுக்கு மட்டுமில்ல. சொந்தமா ஹோஸ்டிங் வாங்கி வலைப்பூ வச்சிருக்கிற எல்லாரும் படிக்கலாம். கமாண்டுகளைத் தமிழ்லயே எழுதியிருக்கேன். டெர்மினல்ல அடிக்கும்போது நீங்களே ஆங்கில எழுத்துக்கு மாத்திக்கோங்க.

மக்களே, இந்தப் பதிவு ரெண்டு கோஷ்டியைத் திட்டுறதுக்காகவே எழுதுறது. முதல் கோஷ்டி, லினக்ஸ்ல என்ன பிரச்சினைன்னு போய் நின்னாலும் "சிஎச்மாட் -ஆர் 777 போடுங்க, சரியாயிடும்"னு மருந்து எழுதிக் கொடுக்கிற கோஷ்டி. தலைவலிக்கும் அதே மாத்திரை, கால்வலிக்கும் அதே மாத்திரை. ரெண்டாவது கோஷ்டி இதுக்கு நேர் எதிர். எதைப் பார்த்தாலும் "சிஎச்ஆட்டர் +ஐ போட்டுப் பூட்டிடுங்க, அப்புறம் எவனாலும் தொட முடியாது"னு சொல்ற கோஷ்டி.

பார்க்க எதிரும் புதிருமா தெரியுற இவங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. எப்படின்னா, "இந்த ஃபைலை யார் எழுதுறாங்க, எதுக்கு எழுதுறாங்க?"ங்கிற ஒரே ஒரு கேள்வியை ரெண்டு பேருமே கேட்கிறதில்ல. ஒருத்தர் கதவைக் கழட்டி வெளியே வச்சிடுறார். இன்னொருத்தர் பூட்டைப் போட்டுட்டு சாவி எங்கன்னு யாருக்கும் சொல்லாம ஊருக்குப் போயிடுறார். கடைசியில ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னு முழிக்கிறது மூணாவதா வர்ற ஒரு அப்பாவி.

சரி, மேட்டருக்கு வருவோம்.

பட்டா வேற, வில்லங்கம் வேற

எங்க ஊர் கனகசெட்டிக்குளம். புதுச்சேரியில இருந்து ஈசிஆர்ல சென்னைப் பக்கமா வந்தா காலாப்பட்டு தாண்டி வரும். அதுக்கப்புறம் கொஞ்ச தூரத்துல தமிழ்நாடு எல்லை. ஈசிஆர் ஓரத்து ஊர்ங்கிறதால டீக்கடையில உக்காந்தா நிலத்தைப் பத்தின பேச்சு காதுல விழாம எழுந்து வர முடியாது. அந்தப் பேச்சுல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரிஞ்ச ஒரு விஷயம்: பட்டா பேருல இருந்தா மட்டும் பத்தாது, வில்லங்கம் போட்டுப் பார்க்கணும். பட்டா உங்க பேருலயே இருக்கலாம். ஆனா அந்த நிலத்து மேல அடமானமோ, கோர்ட்டுத் தடையோ இருந்தா நினைச்ச மாதிரி வித்துட முடியாது. "நான்தான்யா ஓனர்"னு கத்தினாலும் ஒண்ணும் நடக்காது.

யூனிக்ஸ் ஃபைல்லயும் இதே கதைதான். "எல்எஸ் -எல்" அடிச்சா ஆர், டபிள்யூ, எக்ஸ்னு வரிசையா வருது பாருங்க, அது பட்டா. ஓனர் யாரு, குரூப் எது, மத்தவங்களுக்கு என்ன உரிமைன்னு சொல்லும். அதை மாத்துறதுதான் சிஎச்மாட். ஆனா அதே ஃபைலுக்கு இன்னொரு பதிவேடும் இருக்கு. அதுல எழுதியிருக்கிறதுதான் ஃப்ளாக். லினக்ஸ்ல அதை மாத்துறது சிஎச்ஆட்டர், பார்க்கிறது எல்எஸ்ஆட்டர். ஃப்ரீபிஎஸ்டி, மேக் ரெண்டுலயும் மாத்துறதுக்கு சிஎச்ஃப்ளாக்ஸ். பார்க்கிறதுக்கு ஃப்ரீபிஎஸ்டியில "எல்எஸ் -எல்ஓ"ன்னு சின்ன ஓ, மேக்ல அதே ஓ பெரிய எழுத்துல.

கொடுமை என்னன்னா, லினக்ஸ்ல "எல்எஸ் -எல்" இந்த ரெண்டாவது பதிவேட்டைக் காட்டவே காட்டாது. பட்டாவை மட்டும் காட்டிட்டு கம்முனு இருக்கும். நீங்க ரூட்டா இருப்பீங்க, ஃபைல் உங்களுது, 644ன்னு அழகா தெரியும். ஆனா அழிக்கப் போனா "ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்"னு மூஞ்சில அடிக்கும். இங்கதான் முதல் கோஷ்டி ஓடி வந்து "777 போட்டியா?"ன்னு கேட்கும். போட்டா அதுக்கும் அதே பதில்தான் வரும். ஏன்னா +ஐ இருக்கிற ஃபைல்ல பெர்மிஷனையே மாத்த முடியாது.

ஒரு சின்னக் குறிப்பு, இதை மட்டுமாவது மனசுல வச்சுக்கோங்க. "பெர்மிஷன் டினைடு"ன்னு வந்தா பெரும்பாலும் பட்டாப் பிரச்சினை. ரூட்டா இருக்கும்போதே "ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்"னு வந்தா முதல் வேலையா எல்எஸ்ஆட்டர் அடிச்சு வில்லங்கம் பாருங்க. ரெண்டு செய்தியும் ஒண்ணுன்னு நினைச்சுத்தான் பாதிப் பேர் பாதி ராத்திரியைத் தொலைக்கிறாங்க.

வில்லங்கம்னு சொன்னது நானா இழுத்து வச்ச உவமை மட்டுமில்ல. சிஎச்ஃப்ளாக்ஸ் முதன்முதலா வந்தது 4.4பிஎஸ்டியில. 1993 ஜூன்ல அது வெளியானப்போ அதுக்கு இருந்த பேரே "4.4பிஎஸ்டி என்கம்பர்டு". அதாவது வில்லங்கம் உள்ளது :-) ஏடி அண்ட் டி கம்பெனியோட கோட் உள்ளே கலந்திருந்ததால, அந்த லைசன்ஸ் வச்சிருந்தவங்களுக்கு மட்டும் கொடுத்தாங்க. வில்லங்கம் இல்லாத "லைட்" பதிப்பு 1994ல வந்துச்சு.

லினக்ஸ் பக்கம் இந்த வேலையைப் பார்த்தவர் ரெமி கார்டுங்கிற பிரெஞ்சுக்காரர். 1993 ஜனவரியில வந்த எக்ஸ்ட்2 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கினவங்கள்ல முக்கியமானவர். சிஎச்ஆட்டரை எழுதினதும் அவர்தான். பிரெஞ்சுக்காரங்க 1954ல புதுச்சேரியைக் கையில கொடுத்துட்டுப் போனாங்க, ஆனா ஒரு பிரெஞ்சுக்காரர் நட்ட கொடி இன்னிக்கும் நம்ம சர்வர்ல பறக்குது. ஃப்ளாக்னா கொடிதானே!

777 கோஷ்டிக்கு

முதல்ல உங்களை முடிச்சுட்டு வரேன்.

777ன்னா என்ன? ஓனர், குரூப், ஊர்ல போறவன் வர்றவன் எல்லாரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். ஷேர்டு ஹோஸ்டிங்ல உங்க வலைப்பூ இருக்கிற அதே மெஷின்ல இன்னும் பல பேரோட தளங்கள் இருக்கும். சரியாப் பிரிச்சு வைக்காத ஹோஸ்டிங்கா இருந்தா, பக்கத்து வீட்டுக்காரரோட ஓட்டைத் தளத்துல புகுந்தவன் உங்க வீட்டு அடுப்படி வரைக்கும் வருவான்.

கதை விடுறேன்னு நினைக்காதீங்க. 2011 ஆகஸ்ட்ல டிம்தம்ப்னு ஒரு ஓட்டை வெளியில வந்துச்சு. படத்தைச் சின்னதாக்குற ஒரு குட்டி பிஎச்பி ஸ்கிரிப்ட். ஏகப்பட்ட வேர்ட்பிரஸ் தீம்கள்ல அது கூடவே வரும். தீம் கூட வர்ற வழிமுறையில "கேஷ் ஃபோல்டருக்கு 777 போடுங்க"ன்னு எழுதியிருப்பாங்க, ஜனங்களும் போட்டாங்க. வெளித் தளத்துல இருந்து படம்னு சொல்லி பிஎச்பி கோடை இழுத்து வந்து, அந்த கேஷ் ஃபோல்டர்லயே வச்சு, அங்கிருந்தே ஓட்டினான் திருடன். ஓட்டை ஸ்கிரிப்ட்லதான். ஆனா வெப் சர்வர் எழுதவும் செய்யலாம், எழுதினதை ஓட்டவும் செய்யலாம்னு ஒரு ஃபோல்டரைத் திறந்து வச்சது யாரு?

வேர்ட்பிரஸ்காரங்களே தங்களோட வழிகாட்டியில ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644, எதுக்குமே 777 வேண்டாம்னு எழுதி வச்சிருக்காங்க. படிக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். அஞ்சு வருஷம் எழுதின கவிதை, கட்டுரை, அதுக்கு வந்த பின்னூட்டம், அதுல நடந்த கும்மி எல்லாம் போனா திரும்ப வராது. 2009 அக்டோபர்ல ஜியோசிட்டீஸை மூடினப்போ அதுல எழுதிட்டிருந்தவங்க பக்கமெல்லாம் என்ன ஆச்சுன்னு பழைய ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க. அது கம்பெனி மூடினது, நம்ம கையில இல்ல. 777 போட்டு இழக்கிறது நம்ம கையில இருந்தது.

இன்னொரு மூடநம்பிக்கையையும் சொல்லிடுறேன். "முக்கியமான ஃபைலுக்கு 444 போட்டுட்டேன், இனிமே யாரும் அழிக்க முடியாது." முடியும் சாமி. ஒரு ஃபைலை அழிக்கிற உரிமை அந்த ஃபைல்ல இல்ல, அது இருக்கிற டைரக்டரியில இருக்கு. டைரக்டரிங்கிறது ஊர்க் கணக்குப் புத்தகம் மாதிரி. ஒரு வரியை அடிக்கிறதுக்குப் புத்தகத்துல எழுதுற உரிமை இருந்தா போதும், அந்த வரியில இருக்கிற ஆளோட சம்மதம் தேவையில்ல. ஆர்எம் ஒரு தடவை "நிஜமாவா?"ன்னு கேட்கும், -எஃப் போட்டா அதுவும் கேட்காது. அப்போ அழிக்க விடாம தடுக்கணும்னா? அங்கதான் ஃப்ளாக் வருது. ரெண்டாவது கோஷ்டி சந்தோஷப்படாதீங்க, அடுத்து உங்ககிட்டதான் வரேன்.

+ஐ கோஷ்டிக்கு

+ஐ போட்ட ஃபைலை மாத்த முடியாது, அழிக்க முடியாது, பேர் மாத்த முடியாது, அதுக்கு ஹார்டு லிங்க் கூடப் போட முடியாது. ரூட்டே வந்தாலும் முதல்ல -ஐ போட்டு எடுத்தாத்தான் உண்டு. பிரமாதமான வசதி. கர்னல் எழுதுறவங்களே இதை நம்பிப் பயன்படுத்தினாங்க. 2016 ஜனவரியில ஒருத்தர் லினக்ஸ்ல எல்லாத்தையும் அழிக்கிற கமாண்டை ஓட்டினப்போ, கூடவே மதர்போர்டோட யுஇஎஃப்ஐ மாறிகளும் அழிஞ்சு லேப்டாப்பே செங்கல்லாப் போச்சு. டிஸ்க்கை அழிச்சா திரும்ப இன்ஸ்டால் பண்ணிக்கலாம், போர்டே போனா என்ன பண்றது? அதனால அதே வருஷம் மார்ச்ல வந்த 4.5 கர்னல்ல, பாதிப்பில்லைன்னு தெரிஞ்ச சிலதைத் தவிர மத்த மாறிகளுக்கெல்லாம் இந்த மாத்த முடியாத ஃப்ளாக்கைத் தானாகவே போட்டு வச்சாங்க. கை தவறி நடக்கிற தப்பைத் தடுக்கிறது. இதுதான் இந்த ஃப்ளாக்கோட சரியான வேலை.

ஆனா நம்ம ஆளுங்க இதை எங்க போடுறாங்க?

/ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப்ல. டிஎன்எஸ் முகவரியை எழுதி வைப்பாங்க, நெட்வொர்க் மேனேஜர் வந்து மாத்திடும். ஏன் மாத்துது, அதோட கான்ஃபிகுரேஷன்ல எங்க சொல்லணும்னு பார்க்கிறதில்ல. +ஐ போட்டு "இப்ப மாத்துடா பார்க்கலாம்"னு சவால் விடுறாங்க. அப்புறம் வேற நெட்வொர்க்குக்குப் போனா, விபிஎன் போட்டா, பேர் எதுவும் ரிசால்வ் ஆகாது. வீட்டுல நெட் இருக்கு, ஆஃபீஸ்ல இல்லன்னு ரெண்டு நாள் புலம்பல்.

எங்க பக்கத்துக் கடற்கரைக்காரங்களுக்கு இது புது விஷயமே இல்ல. 1980களோட கடைசியில புதுச்சேரியில துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினாங்க. இந்தக் கடற்கரையில மணல் பெரும்பாலும் தெற்குல இருந்து வடக்கா நகரும். சுவர் அதைத் தடுத்துச்சு, வடக்குல கரை கரைய ஆரம்பிச்சுது. கரைஞ்ச இடத்துல கல் கொட்டினாங்க. கல் கொட்டின இடம் நின்னுச்சு, அதுக்கு வடக்குல இருந்த மீனவ ஊர் கரைஞ்சுது. அங்கயும் கல், அடுத்த ஊருக்கு அரிப்பு. அலை ஏன் வருது, மணல் எங்க நிக்குதுன்னு கேட்காம என் ஊர் வாசல்ல மட்டும் கல்லைக் கொட்டினா பிரச்சினை தீராது, பக்கத்து ஊருக்குப் போகும். ரிசால்வ்.கான்ஃப்ல +ஐ போடுறது அந்தக் கல்தான்.

அடுத்து, /ஈடிசி/பாஸ்வேர்டு, /ஈடிசி/ஷேடோ ரெண்டுக்கும் +ஐ. "செக்யூரிட்டி ஹார்டனிங்"னு பேரு. அப்புறம் பாஸ்வேர்டு மாத்தப் போனா "ஆதென்டிகேஷன் டோக்கன் மேனிபுலேஷன் எரர்"னு கெட்ட வார்த்தை மாதிரி ஒண்ணு வரும். அதுல ஃப்ளாக்னு ஒரு வார்த்தை இருக்காது. வேலையை விட்டுப் போனவரோட அக்கவுன்ட்டை எடுக்க முடியாது, புதுசா வந்தவருக்கு அக்கவுன்ட் போட முடியாது. செக்யூரிட்டிக்காகப் போட்ட பூட்டு, பழைய ஆளை உள்ளேயும் புது ஆளை வெளியேயும் நிறுத்துது.

அதுக்கும் மேல ஒண்ணு. ஏதாவது ஒரு பேக்கேஜோட ஃபைலுக்கு +ஐ போட்டுட்டீங்கன்னா, அப்டேட் வரும்போது டிபிகேஜி பாதியில நின்னுடும். "பேக்கப் லிங்க் பண்ண முடியல"ன்னு சொல்லும். அது செக்யூரிட்டி அப்டேட்டா இருந்தா? நீங்க பத்திரமாப் பூட்டி வச்சிருக்கிறது ஓட்டையை!

ஒரு நிஜக் கதை

பேர் வேண்டாம். நான் பொட்டி தட்டுற தொழிலுக்கு வந்த புதுசுல, ஒரு சின்ன கம்பெனியோட சர்வரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினாங்க. மொத்தம் இருபது பேருக்குள்ள. டிஸ்க் போயிடுச்சு. "பேக்கப் இருக்கு சார், தினமும் ராத்திரி தானா ஓடுது"ன்னு அங்க இருந்த டமேஜர் தெம்பா சொன்னார்.

பேக்கப் டிஸ்க்கைத் திறந்தா கடைசி ஃபைல் நாலு மாசத்துக்கு முன்னாடி போட்டது. அதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்ல. பெர்மிஷன் சரி, இடம் இருக்கு, கிரான்ல வரி இருக்கு. எல்எஸ்ஆட்டர் -டி போட்டுப் பார்த்தா பேக்கப் டைரக்டரி மேல ஐ. முன்னாடி வேலை பார்த்துட்டுப் போனவர் ரான்சம்வேர் பத்தி எங்கேயோ படிச்சுட்டு, பேக்கப்பைப் பாதுகாக்குறேன்னு டைரக்டரிக்கே +ஐ போட்டிருக்கார். டைரக்டரிக்கு +ஐ போட்டா அதுக்குள்ள புதுசா ஒரு ஃபைல் கூட உருவாக்க முடியாது. ராத்திரி ராத்திரி பேக்கப் ஓடி, "ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்"னு சொல்லி, அந்த எர்ரர் ரூட்டோட மெயில்பாக்ஸ்ல போய் விழுந்திருக்கு. நூறுக்கு மேல மெயில். யாரும் திறந்ததே இல்ல.

அவரோட எண்ணம் நல்ல எண்ணம்தான், நான் மறுக்கல. ஆனா விளைவை யார் சுமந்தது தெரியுமா? அவரில்ல, அவர் வேற வேலைக்குப் போயிட்டார். டமேஜரும் இல்ல. கணக்குப் பார்த்த ஒரு அக்கா. நாலு மாசத்து வவுச்சரையும் பில்லையும் அட்டைப்பெட்டியில இருந்து எடுத்து, ஒவ்வொண்ணா, வாரக்கணக்குல திரும்ப டைப் பண்ணாங்க. சாயங்காலம் பஸ்ஸை விட்டுட்டு ராத்திரி வரைக்கும். அவங்களுக்கு ஃப்ளாக்னா என்னன்னே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. "தம்பி, நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா?"ன்னு என்கிட்ட ரெண்டு தடவை கேட்டாங்க. இல்லக்கான்னு சொன்னேன். அன்னிக்கு வந்த கோவம்தான் இந்தப் பதிவு.

அவர் என்ன செஞ்சிருக்கலாம்? எழுதி முடிஞ்ச பேக்கப் ஃபைல் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா +ஐ போட்டிருக்கலாம், ஸ்கிரிப்ட்லயே ஒரு வரி. இல்லேன்னா டைரக்டரிக்கு +ஐக்குப் பதிலா +ஏ போட்டிருக்கலாம். அப்பெண்டுன்னு அர்த்தம். புதுசா ஃபைல் வைக்கலாம், இருக்கிறதை எடுக்கவோ பேர் மாத்தவோ முடியாது. கோயில் உண்டியல் மாதிரி, போடலாம், எடுக்க முடியாது. அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு: ஆர்சிங்க் மாதிரி தற்காலிகப் பேருல எழுதிட்டு கடைசியில பேர் மாத்துற புரோகிராம் அங்க திண்டாடும். அதனால எது போட்டாலும் மறுநாள் காலையில பேக்கப் வந்திருக்கான்னு கண்ணால பார்த்திருக்கணும். அதை விட முக்கியம், ஒரே ஒரு வரி எழுதி வச்சிருக்கணும். "இந்த டைரக்டரிக்கு ஃப்ளாக் போட்டிருக்கேன்"னு. ஒரு வரி! அதுக்கு வலிச்சுதா கை?

"திருடனைத் தடுக்கும்ல?"ன்னு கேட்கிறவங்களுக்கு

பின்னூட்டத்துல இதைத்தான் கேட்கப் போறீங்கன்னு தெரியும், அதனால முன்னாடியே சொல்லிடுறேன். லினக்ஸ்ல, ரூட் ஆகிட்ட திருடனை இது தடுக்காது. அவனும் -ஐ போடுவான், ஒரு நொடி வேலை. சாவி பூட்டுலயே தொங்குது.

ஃப்ரீபிஎஸ்டியில கதை வேற. அங்க யூச்ஜின்னா ஃபைலோட ஓனர் போட்டுக்கிறது, எஸ்ச்ஜின்னா ரூட் போடுறதுன்னு ரெண்டு வகை. கூடவே செக்யூர்லெவல்னு ஒண்ணு இருக்கு. அதை ஒண்ணுக்கு மேல ஏத்தினாலோ, ஒண்ணுல வச்சாலோ, எஸ்ச்ஜியை ரூட்டாலயும் எடுக்க முடியாது. ஓடிட்டிருக்கும்போது லெவலை ஏத்தலாம், இறக்க முடியாது. ரீபூட் பண்ணித்தான் ஆகணும். லினக்ஸ்ல அந்த ஏற்பாடு இல்ல. அங்க இருக்கிறது கேப்-லினக்ஸ்-இம்மியூட்டபிள்ங்கிற ஒரு கேப்பபிலிட்டி. அதைப் பிடுங்கிட்ட புராசஸ் ஃப்ளாக்கைத் தொட முடியாது. டாக்கர் கன்டெய்னருக்குள்ள இருக்கிற ரூட்டுக்கு இயல்பாகவே அது கிடையாது. ஆனா மெஷினோட முழு ரூட்டுக்கு முன்னாடி +ஐ வெறும் கொக்கிதான்.

இதை நல்லாப் புரிஞ்சு வச்சிருக்கிறது நம்மள விட திருடன்தான். கிரிப்டோ மைனிங் மால்வேர்கள் சர்வர்ல புகுந்ததும், தான் வச்ச கிரான் ஃபைலுக்கும் எஸ்எஸ்எச் சாவி ஃபைலுக்கும் +ஐ போட்டுடும். அட்மின் வந்து அழிச்சா அழியாது. சிலது இன்னும் ஒரு படி மேல போய் சிஎச்ஆட்டர் கமாண்டையே அழிச்சோ பேர் மாத்தியோ வச்சிடும். நாம வில்லங்கம் பார்க்கத் தெரியாதவங்கன்னு அவனுக்குத் தெரியும். "லினக்ஸ்ல வைரஸே வராது"ன்னு இன்னும் சொல்லிட்டுத் திரியுற மூணாவது கோஷ்டி இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிக்கவும்.

மேன் பக்கத்தைப் படிக்காம ஃப்ளாக் போடுறவங்களுக்காக இன்னொரு தகவல். சிஎச்ஆட்டர்ல எஸ்னு ஒரு எழுத்து இருக்கு, அழிச்சா தடயம் இல்லாம அழிக்கும்னு அர்த்தம். யூன்னு ஒண்ணு, அழிச்சதை மீட்கலாம்னு அர்த்தம். சின்ன சின்னு ஒண்ணு, சுருக்கி வைக்கும்னு அர்த்தம். மூணையும் எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 மதிக்கவே மதிக்காது. போட்டா வாங்கிக்கும், ஒண்ணும் செய்யாது. இதை மேன் பக்கத்துலயே வெளிப்படையா எழுதியிருக்காங்க. +எஸ் போட்டுட்டு "பத்திரமா அழிச்சுட்டேன்"னு நிம்மதியாத் தூங்குறவங்களைப் பார்த்தா சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல.

"எங்க வீட்டுல லினக்ஸே இல்லையே"ன்னு சொல்றவங்களுக்கு

இருக்கு. உங்க கையில இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில ஓடுறது லினக்ஸ் கர்னல்தான். 2011ல தமிழ்நாட்டுல மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப்ல விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. மேக் வச்சிருந்தா ஃபைல் தகவல்ல "லாக்டு"ன்னு ஒரு டிக் இருக்கும் பாருங்க, அதுதான் யூச்ஜி ஃப்ளாக். 2011ல வந்த லயன்ல லைப்ரரி ஃபோல்டர் காணாமப் போன கதை தெரியுமா? எங்கயும் போகல, ஹிட்டன்னு ஒரு ஃப்ளாக் போட்டாங்க, அவ்வளவுதான். சிஎச்ஃப்ளாக்ஸ் நோஹிட்டன் போட்டா திரும்ப வரும்.

ஏன், விண்டோஸ்காரங்களுக்கே பழக்கம்தான். பென்டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சுன்னு பிரவுசிங் சென்டருக்கு ஓடினா, அங்க இருக்கிற அண்ணன் "அட்ரிப் -எச் -ஆர் -எஸ்"னு ஒரு வரி அடிச்சு எல்லாத்தையும் மீட்டுக் கொடுப்பார். ஃபைல் போகல, வைரஸ் அதுக்கு ஹிட்டன், சிஸ்டம்னு ஃப்ளாக் போட்டு மறைச்சு வச்சிருக்கு. அந்த அண்ணனுக்குத் தெரிஞ்ச வித்தை, பெரிய சம்பளம் வாங்குற நம்ம ஆளுங்களுக்குத் தெரியலையேங்கிறதுதான் ஆதங்கம்.

சரி, என்னதான்யா பண்ணச் சொல்ற?

திட்டிட்டு மட்டும் அப்பீட்டு ஆனா நல்லா இருக்காது. நாலே நாலு விஷயம்.

ஒண்ணு. 777ங்கிற எண்ணை மறந்துடுங்க. எழுதணும்னா யாருக்கு எழுதணும்னு பார்த்து ஓனரையோ குரூப்பையோ மாத்துங்க.

ரெண்டு. எது மாறவே கூடாதோ, யாருமே எழுதத் தேவையில்லையோ, அதுக்கு மட்டும் +ஐ. எழுதி முடிஞ்ச பேக்கப், பழைய வருஷத்துப் புகைப்படம், முடிஞ்சு போன கணக்கு. புரோகிராம் ஏதாவது எழுதுற ஃபைலா இருந்தா +ஐ பக்கமே போகாதீங்க. லாக் ஃபைலுக்கு +ஏ நல்ல யோசனைதான், ஆனா லாக்ரொட்டேட் பேர் மாத்த முடியாம நிக்கும். சுத்துறதுக்கு முன்னாடி -ஏ, சுத்தின பிறகு +ஏன்னு அதோட கான்ஃபிகுரேஷன்ல எழுதுங்க.

மூணு. ஃப்ளாக் காப்பியில கூட வராது. லினக்ஸ்ல சிபி -ஏ போட்டாலும் சாதாரணமா டார் போட்டாலும் ஃப்ளாக் இங்கயே நின்னுடும், ஃபைல் மட்டும்தான் போகும். புது சர்வருக்கு மாறினா பூட்டு எல்லாம் திறந்துதான் இருக்கும்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

நாலு, இதுதான் முக்கியம். ஃப்ளாக் போட்டா எழுதி வைங்க. எந்த ஃபைல், என்ன ஃப்ளாக், ஏன், எப்போ எடுக்கலாம். ரூட் ஹோம்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போதும். தமிழ்லயே எழுதுங்க, யூனிகோட் எதுக்கு இருக்கு? வேற யாரோட சர்வராவது கைக்கு வந்தா, தொடுறதுக்கு முன்னாடி எல்எஸ்ஆட்டர் -ஆர் போட்டு ஒரு தடவை வில்லங்கம் எடுத்துப் பாருங்க. நிலம் வாங்கும்போது பார்க்கிறோம்ல, அதே மாதிரி.

பூட்டுறது தப்பில்ல மக்களே. சொல்லாமப் பூட்டுறதுதான் தப்பு. அடுத்தவன் வந்து நிப்பான்னு நினைக்காம பூட்டுறது அதைவிடத் தப்பு. திறந்து போடுறவனும் அதே ரகம்தான்.

பின்னூட்டத்துல வந்து கும்முங்க. 777 கோஷ்டிக்குத் தனியா ஒரு பாயே விரிச்சு வச்சிருக்கேன் ;-) இப்போதைக்கு ஆணி கூப்பிடுது, வர்ட்டா.

பி.கு: "சரி, உன் மெஷின்ல எத்தனை +ஐ இருக்கு?"ன்னு கேட்கப் போறவங்களுக்கு: பதினொண்ணு. எல்லாமே எழுதி முடிஞ்ச பேக்கப். பதினொண்ணுக்கும் நோட்டுல வரி இருக்கு.